தோற்ற படையின் தளபதி

அன்புள்ள ஐயா,

பர்மா போரைப் பற்றிய கட்டுரையில், இரண்டாம் உலகப்போரின் மிகச்சிறந்த பிரிட்டிஷ் தளபதி வில்லியம் ஸ்லிம்தான் என்று எழுதியிருந்தீர்கள். என் தாத்தா 1942இல் ரங்கூனில் கடையை அப்படியே போட்டுவிட்டு அஸ்ஸாம் வரை நடந்தே வந்தவர். வழியில் தம்பியைக் காலராவுக்குப் பறிகொடுத்தார். சனங்களைக் கைவிட்டு ஓடிவந்த ராணுவத்தின் தலைவரை எப்படிப் பாராட்ட மனம் வருகிறது? பிறகு ஜெயித்ததும் அமெரிக்க விமானங்களின் தயவில்தானே? எதிரே ஐ.என்.ஏ.வில், அதாவது நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில், நின்றவர்களில் நம் ஆட்களும் உண்டே?

ஆர்., காரைக்குடி

அன்புள்ள ஆர்.,

உங்கள் தாத்தாவைப் போல லட்சக்கணக்கான இந்தியர்கள் நடந்தார்கள். வழியில் செத்தவர்களை யாரும் ஒழுங்காக எண்ணக்கூட இல்லை. வெள்ளையருக்கு ஒரு பாதை, இந்தியருக்கு ஒரு பாதை என்று பிரித்ததைக் காங்கிரஸ் அப்போதே கண்டித்தது. உங்கள் கோபம் முழுக்க நியாயமானது. ஆனால் அது ஸ்லிம்மின் கணக்கில் வராது. 1942 மார்ச் 8 அன்று ரங்கூன் ஜப்பானியரிடம் விழுந்தது. அதற்குப் பிறகுதான் அவரைக் கூப்பிட்டு பர்மா படையை ஒப்படைத்தார்கள். அவர் கைக்கு வந்ததே தோற்றுக்கொண்டிருந்த படை. அதைக் கலையவிடாமல் சுமார் 900 மைல் பின்வாங்கி, மே மாதம் மழை பிடிக்கும் நேரத்தில் இம்பாலுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். கந்தலும் காய்ச்சலுமாக வந்தவர்கள் கையில் துப்பாக்கி இருந்தது, அணியும் குலையவில்லை.

அவர் பிரபு வீட்டுப் பிள்ளை இல்லை. தகப்பனாரின் இரும்பு வியாபாரம் நொடித்ததால் மேலே படிக்கவில்லை. பர்மிங்ஹாமில் ஆரம்பப் பள்ளி வாத்தியாராகவும் பிறகு ஒரு உலோகக் கம்பெனியில் குமாஸ்தாவாகவும் இருந்தார். 1914 போர் வராவிட்டால் அதிகாரியாகியிருக்க வாய்ப்பே இல்லை. துருக்கியின் கலிப்பொலியில் படுகாயம் பட்டார். போர் முடிந்ததும் இந்திய ராணுவத்துக்கு மாறி கூர்க்கா படையில் சேர்ந்தார். சொந்தப் பணம் இல்லாதவர் சம்பளத்தில் காலம் தள்ள முடிந்த இடம் அதுதான். அதுவும் போதாமல் புனைபெயரில் கதைகள் எழுதிச் சம்பாதித்தார்.

நான் அவரை மதிப்பது அவர் தோல்வியை நடத்திய விதத்துக்காக. 1940 நவம்பரில் சூடான் எல்லையில் இத்தாலியரிடமிருந்து கல்லாபாத் கோட்டையைப் பிடித்தார். அடுத்த தாக்குதலுக்குத் துணியாமல் பின்வாங்கினார். பயத்தின் பேச்சைக் கேட்டது தன் தப்பு என்று பின்னாளில் தானே அச்சில் எழுதினார். 1944இல் நாகா மலையிலுள்ள கொஹிமாவுக்கு ஜப்பானியர் ஒரு ரெஜிமென்ட் அளவுதான் அனுப்ப முடியும் என்று கணக்குப் போட்டார். வந்தது அதைவிடப் பல மடங்கு பெரிய ஒரு முழு டிவிஷன். அதையும் கீழே இருப்பவர் தலையில் கட்டாமல் தன் பெயரில் எழுதிக்கொண்டார். அந்தப் போரின் தளபதிகளில் இப்படி எழுதியவர்கள் வெகு குறைவு.

1943 அக்டோபரில், பர்மா முனையில் நின்ற பதினான்காம் படை அவரிடம் வந்தது. அதில் பெரும்பாலோர் இந்தியர்கள். அந்த ஆண்டு காயத்தோடு ஒருவரைப் பின்னால் அனுப்பினால், நோயோடு 120 பேரை அனுப்ப வேண்டியிருந்தது. ஸ்லிம் முதலில் எடுத்தது மலேரியாவைத்தான். மலேரியாவைத் தடுக்கும் மெபாக்ரின் மாத்திரை தின்றால் ஆண்மை போய்விடும் என்று சிப்பாய்களிடையே ஒரு வதந்தி. திடீர்ச் சோதனை வைத்தார். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேராவது மாத்திரை சாப்பிட்டிருக்காவிட்டால் அந்தப் படைப்பிரிவின் தலைவருக்கு வேலை போகும். மூன்று பேரைத்தான் நீக்க வேண்டியிருந்தது, மற்றவர்கள் புரிந்துகொண்டார்கள். காய்ச்சல்காரரை நூற்றுக்கணக்கான மைல் அனுப்பாமல் போர்முனைக்குப் பக்கத்திலேயே கூடாரம் போட்டு வைத்தியம் பார்த்தார்கள். நாளொன்றுக்கு ஆயிரம் பேரில் 12 பேர் படுத்தது, 1945 மே மாதத்தில் ஒருவராகக் குறைந்தது. முன்னால் இருக்கும் வீரர்களுக்கு அரை ரேஷன் என்றால் தன் தலைமையகத்துக்கும் அரை ரேஷன்தான் என்று உத்தரவு போட்ட மனிதர் அவர்.

விமானங்கள் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. அமெரிக்க, பிரிட்டிஷ் சரக்கு விமானங்கள் இல்லாவிட்டால் 1944இல் ஜப்பானியர் முற்றுகையிட்ட இம்பால் தாங்கியிருக்காது. ஆனால் விமானம் வந்தால் மட்டும் போதுமா? சாமான் போடப் பாராசூட் இல்லை, பட்டு கிடைக்காது என்று கைவிரித்துவிட்டார்கள். ஸ்லிம்மின் ஆட்கள் கல்கத்தா சணல் ஆலைக்காரர்களைப் பிடித்தார்கள். 20 பவுண்டுக்கு மேல் விலையுள்ள பாராசூட்டின் வேலையைக் கிட்டத்தட்ட ஒரு பவுண்டுக்குச் சணல் பாராசூட் செய்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

1945இல் பர்மாவின் ஐராவதி ஆற்றைத் தாண்டியது தனிக்கதை. ஒரு முழு கோரை, அதாவது ஒன்றுக்கு மேற்பட்ட டிவிஷன்கள் சேர்ந்த படையை, மேற்குக் காட்டுப் பள்ளத்தாக்கு வழியாக ரகசியமாக நகர்த்தினார். அது பழைய இடத்திலேயே இருப்பதுபோலப் போலி வயர்லெஸ் பேச்சு நடந்தது. ஜப்பானியர் மாண்டலேயைப் பார்த்துக்கொண்டிருக்க, மெய்க்டிலா விழுந்தது. ரங்கூன் மீண்டதும் மேலதிகாரி லீஸ் அவரை மாற்றப் பார்த்தார். கடைசியில் போனது லீஸ்தான். 1948இல் பிரிட்டிஷ் ராணுவத் தலைவராக இருந்த மான்ட்கோமரி தனக்குப் பிறகு வேறொருவருக்கு வாக்குக் கொடுத்திருந்தும், பிரதமர் அட்லி ஸ்லிம்மையே ராணுவத் தலைமைக்கு அழைத்தார். இந்திய ராணுவத்திலிருந்து அந்த நாற்காலிக்கு வந்த முதல் ஆள் அவர். பிறகு ஆஸ்திரேலியாவின் கவர்னர் ஜெனரல். அங்கே சிறுவர்களிடம் தவறாக நடந்ததாக அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்துக் குற்றச்சாட்டுகள் எழுந்தன. கான்பராவில் சாலைக்கு இருந்த அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். தளபதியைப் புகழ்கிறவன் இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஐ.என்.ஏ. விஷயத்தில் நான் அவர் பக்கம் இல்லை. சரணடைய வந்த ஐ.என்.ஏ.காரர்களை உயிரோடு பிடிக்கத் தன் இந்திய, கூர்க்கா சிப்பாய்களுக்குத் தனியாக உத்தரவு போட வேண்டியிருந்தது என்று எழுதுகிறார். அதற்கு மேல் யோசிக்கவில்லை. மலேயா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த தமிழன் எதற்காகத் துப்பாக்கி எடுத்தான் என்பது அவர் கண்ணில் படவே இல்லை. அதை அவருடைய குறையாகவே நான் பார்க்கிறேன்.

அன்புடன்