கணக்குப் படித்தவளுக்குக் காய்ச்சலோடு என்ன வேலை?

கேள்வி: என் மகள் காரைக்குடியில் எம்.எஸ்சி. கணிதம் முடிக்கப் போகிறாள். தொற்றுநோய் எப்படிப் பரவும் என்று கணக்குப் போடுகிற ஆராய்ச்சிக்குப் போவாளாம். அவள் அப்பச்சியோ, 'கணக்குப் படித்தவளுக்குக் காய்ச்சலோடு என்ன வேலை? பாங்க் பரீட்சை எழுதட்டும்' என்கிறார். நோயாளிகளோடு புழங்க வேண்டியிருக்குமோ என்று எனக்கும் பயம்.
– ஒரு தாய், தேவகோட்டை

பதில்: பயத்தை விடுங்கள் ஆச்சி. அவள் புழங்கப் போவது கம்ப்யூட்டரோடுதான்.

அப்பச்சிக்கு எளிதில் பிடிபடும், ஏனென்றால் இது வட்டிக்கு வட்டி. ஒருவரிடமிருந்து இருவருக்கு, அந்த இருவரிடமிருந்து நால்வருக்கு என்று போனால் பத்தாவது சுற்றில் 1,024 பேர். தட்டம்மை என்றால், தடுப்பூசி போடாத கூட்டத்தில் ஒருவரிடமிருந்தே 12 முதல் 18 பேருக்கு ஒட்டும். பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போய் வட்டிக்கடை நடத்திய ஐயாக்கள்கூட வாங்காத வட்டி! இரண்டு இரண்டாகப் பெருகும் நோயில், ஊரில் பாதிப் பேருக்கு எதிர்ப்புச் சக்தி இருந்தால் வட்டி நின்றுபோகும். நோய் வராதவர், நோயில் கிடப்பவர், மீண்டவர் என்று பேரேட்டில் மூன்று பக்கம். தினம் எத்தனை பேர் பக்கம் மாறுகிறார்கள் என்பதுதான் அவள் போடும் சமன்பாடு. 1927இல் கெர்மாக், மெக்கெண்ட்ரிக் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இதை எழுதி, 1905-06இல் பம்பாய் பிளேக்கில் வாராவாரம் இறந்தவர் கணக்கோடு ஒப்பிட்டார்கள்.

அதற்கும் முன்பே, 1897இல் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்ட டாக்டர் ரொனால்ட் ராஸ், பிற்பாடு கணக்கிலும் இறங்கினார். எல்லாக் கொசுவையும் ஒழிக்க வேண்டாம், ஓர் அளவுக்குக் கீழே குறைத்தாலே மலேரியா வற்றிவிடும் என்றார். நம் பக்கம் பூட்டிக்கிடக்கும் வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் சென்னையில் இருப்பார், இல்லை சிங்கப்பூரில். முற்றத்தில் கவிழ்க்காமல் விட்ட அண்டாவில் மழைத் தண்ணீர். டெங்குக் கொசுவுக்கு அது போதும். முட்டை காய்ந்து கிடந்தாலும் மாதக்கணக்கில் தாங்கும். எத்தனை வீட்டைத் திறந்து சுத்தம் செய்தால் காய்ச்சல் அடங்கும்? இதற்கு டாக்டர் ஊசியில் பதில் இல்லை, உங்கள் மகளின் நோட்டில் இருக்கலாம்.

சரி, சம்பாத்தியம்? சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வைக் கணித அறிவியலில் எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆராய்ச்சியாளர் தகுதி வாங்கினால், 2023இல் உயர்த்தியபடி மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. சென்னை தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் இருக்கிறது. கொரோனா சமயத்தில் அங்கேயும் இந்தக் கணக்குப் போட்டார்கள். தேசிய தொற்றுநோயியல் நிறுவனமும் சென்னையில்தான். ஆனால் பாங்க் மாதிரி உடனே நிரந்தர வேலை கிடைக்காது. பிஎச்.டி. ஐந்தாறு வருஷம் இழுக்கும், அப்புறமும் கொஞ்ச காலம் ஒப்பந்த வேலைதான். அப்பச்சியின் கவலையில் அந்த அளவுக்கு நியாயம் உண்டு.

மகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சமன்பாடு மட்டும் தெரிந்தால் போதாது. புள்ளியியலும் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியும் இப்போதே படிக்கட்டும். காய்ச்சல் என்று வந்தவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்தில் எப்படிப் பதிகிறார்கள் என்று ஒருமுறை நேரில் போய்க் கேட்கட்டும். மாத்திரை வாங்கித் தின்றுவிட்டு வீட்டிலேயே படுத்துவிடுகிறவர் எந்தப் பதிவேட்டிலும் வரமாட்டார். அவரைக் கணக்கில் எப்படிச் சேர்ப்பது என்பதில்தான் இந்த வேலையின் பாதிச் சிரமம்.

ஞாயிற்றுக்கிழமை அப்பச்சி ஓய்வாக இருக்கும்போது அந்த வட்டிக் கணக்கை அவரிடமே கொடுங்கள். பத்துச் சுற்றையும் அவர் கையாலேயே போடட்டும்.