உவரியில் பட்டாம்பூச்சி பார்க்க முடியுமா?

"அரையாண்டு விடுமுறைக்கு உவரியில் அக்கா வீட்டுக்குப் போகிறோம். பிள்ளைகளுக்குப் பட்டாம்பூச்சியும் அந்துப்பூச்சியும் காட்ட ஆசை. கடற்கரையில் இருக்குமா? என்ன வாங்க வேண்டும்?" என்று பாளையங்கோட்டை வாசகி கேட்கிறார்.

தாராளமாக இருக்கும். ஆனால் அலையோரத்தில் தேடாதீர்கள் அம்மா. கடலுக்கு முதுகைக் காட்டி, பனைவிளைக்கும் உடைமரக் காட்டுக்கும் நடங்கள். காற்று மறைவில்தான் பூச்சி உட்காரும். ஆடிக் காற்றில் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். மார்கழி அருமையான சமயம். வடகிழக்குப் பருவமழையில் முளைத்த செடிகள் பச்சைப்பசேலென்று நிற்கும்.

செடியைப் பிடித்தால் பூச்சி கிடைத்துவிடும். எருக்கிலையைத் திருப்பிப் பாருங்கள். கருப்பு, வெள்ளை, மஞ்சள் நிறத்தில், முதுகில் மூன்று சோடிக் கொம்போடு இருப்பது வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு. தரையில் படரும் ஆடுதின்னாப்பாளையைத் தேடிச் சிவப்பு உடல் கொண்ட அழகி வகைப் பட்டாம்பூச்சிகள் முட்டையிட வரும். இந்தச் செடிகளின் நஞ்சு புழுவின் உடலில் சேர்ந்து, பட்டாம்பூச்சியான பிறகும் தங்குவதால் பறவைகள் இவற்றைப் பெரும்பாலும் தொடுவதில்லை. அதனால் இவை பதறாமல், தாழ்வாக, மெதுவாகப் பறக்கும். சிறு பிள்ளைகளும் நின்று பார்க்கலாம். காய்ந்த தேள்கொடுக்கு, கிலுகிலுப்பைச் செடிகளையும் விட்டுவிடாதீர்கள். பெண்ணைக் கவரும் மணத்துக்கான வேதிப்பொருளை உறிஞ்ச ஆண் நீல வரியன்கள் அந்த வாடிய தண்டுகளில்தான் மொய்க்கும். காலை எட்டு மணிக்கு மேல், வெயில் உறைக்கும் முன் போவது நல்லது.

இரவுக்கு, காற்றுப் படாத சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி முன்னால் விளக்கு வையுங்கள். அமாவாசையை ஒட்டிய இரவென்றால் இன்னும் நிறைய வரும். விளக்கை நாடாத அந்துப்பூச்சிகளும் உண்டு. அவற்றுக்கு நம் கருப்பட்டியே போதும்: பாகு காய்ச்சி, கனிந்து கருத்த வாழைப்பழத்தைப் பிசைந்து, ஒருநாள் புளிக்கவிட்டு வேப்பமரத்துப் பட்டையில் பூசுங்கள். இருட்டியபின், சிவப்புத் தாள் சுற்றிய டார்ச்சோடு போய்ப் பாருங்கள். எனக்கு விளக்கைவிட இந்த முறைதான் பிடிக்கும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். உங்கள் விளக்கு கடற்கரையிலிருந்து தெரியவே கூடாது. பங்குனி ஆமைகள் என்னும் கடலாமைகள் முட்டையிடக் கரையேறத் தொடங்கும் பருவம் அது. வெளிச்சம் அவற்றைக் குழப்பிவிடும்.

வாங்க வேண்டியது ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி மட்டும்தான். வலை வேண்டாம், சிறகின் செதில் உதிர்ந்துவிடும். கம்பளிப்பூச்சியைத் தொடக்கூடாது என்று பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பத்து மணிக்குள் விளக்கை அணைத்து, வேட்டியில் இருப்பவற்றை மெல்லச் செடிப்பக்கம் உதறிவிடுங்கள். விடியும்வரை விட்டால் கரிச்சானும் காகமும் கொத்திவிடும்.