கருத்தடை செய்த பிறகும் என் நாய் வீட்டுக்கு வருபவர்களின் காலில் ஏறுகிறது. எப்படி நிறுத்துவது?

கருத்தடை முடிந்து சில மாதங்கள் ஆகியும் தொடர்கிறது என்றால், அது பெரும்பாலும் இனச்சேர்க்கை சம்பந்தப்பட்டதல்ல. பெட்டை நாய்களும் ஏறும், சில வாரக் குட்டிகள்கூட விளையாட்டில் ஏறும். ‘உங்களை அடக்கி ஆளப் பார்க்கிறது’ என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். அழைப்பு மணி, புது ஆள், ஆளாளுக்கு உற்சாகக் குரல்: இத்தனையும் சேர்ந்து கிளப்பிவிடும் பரபரப்புதான் வழக்கமான காரணம். பயந்த சுபாவமுள்ள நாய்க்குப் பதற்றமும் இப்படி வெளிப்படும்.

ஏறியபின் இழுப்பதைவிட, ஏறுமுன் திருப்பிவிடுவதுதான் பலன் தரும். ஏறப்போகும் நாய் மூச்சிரைக்க ஒரே ஆளைச் சுற்றிவரும், முழங்காலை விடாமல் நக்கும், முன்னங்காலைத் தூக்கி வைத்துப் பார்க்கும். அந்த நொடியில் கூப்பிட்டு ‘உட்கார்’ சொல்லுங்கள், உட்கார்ந்ததும் பட்டாணி அளவு தீனி கொடுங்கள். உட்கார்ந்த நாயால் ஏற முடியாது, அவ்வளவுதான் சூட்சுமம். ஆனால் இதை வீடு அமைதியாக இருக்கும்போதே பழக்கியிருக்க வேண்டும். தினமும் 2 வேளை, 5 நிமிடம், தன் பாயில் போய் உட்காரப் பழக்குங்கள். அது படிந்ததும் வீட்டார் ஒருவரை மணியடிக்கச் சொல்லிப் பாருங்கள், கடைசியில்தான் விருந்தாளி. பலர் நேராகக் கடைசிப் படியில் தொடங்கிவிட்டுப் பயிற்சியைக் குறை சொல்கிறார்கள்.

அதுவரை கதவைத் திறக்குமுன் லீஷ் மாட்டிவிடுங்கள். மீறி ஏறிவிட்டால் கத்தாதீர்கள், முழங்காலால் தள்ளாதீர்கள். திட்டு, சிரிப்பு இரண்டுமே அதற்குக் கவனிப்புதான். பதற்றத்தில் ஏறும் நாயைத் திட்டினால் பதற்றம் இன்னும் கூடும். பேசாமல் லீஷைப் பிடித்துப் பக்கத்து அறையில் 1 நிமிடம் விட்டு, அமைதியானதும் அழைத்து வாருங்கள். நெடுநேரம் அடைத்துவைத்தால் எதற்கு அடைத்தோம் என்பதே அதற்குப் புரியாது. தொடக்கத்தில் சில நாள் ஏறுவது கூடவும் செய்யலாம். அப்போது ஒருவர் மட்டும் சிரித்துக் கொஞ்சினால் பழைய கதைதான்.

தலையணையோடு எப்போதாவது நடப்பதை விட்டுவிடலாம். இன்னொரு நாய் மேல் ஏறும்போது அது வாலை ஒடுக்கினாலோ பல்லைக் காட்டினாலோ உடனே பிரித்துவிடுங்கள்.

இந்தப் பழக்கம் திடீரென்று தொடங்கியிருந்தாலோ, குறியை ஓயாமல் நக்கினாலோ, சிறுநீர் சொட்டினாலோ பயிற்சி உதவாது. சிறுநீர்த் தொற்றோ தோல் ஒவ்வாமையோ இருக்கலாம், கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். குறி உறைக்குள் திரும்பாமல் வெளியிலேயே வீங்கி நின்றால் அது அவசர நிலை. காயாமல் ஈரத்துணியால் மூடி உடனே கொண்டுபோங்கள்.