சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்

கேள்வி: எங்களுடையது 11 மீட்டர் பாய்மரப் படகு, பிரிட்டன் பதிவு. கோடை முழுக்க கிரேக்கத்தின் அயோனியன் தீவுகளில் சுற்றினோம். அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை படகை அங்கேயே விட்டுவிட்டு வீடு திரும்ப வேண்டும். மரினாவில் (படகுகளைக் கட்டிவைக்கும் துறை) கேட்கிற தொகை கட்டுப்படியாகவில்லை. மலிவாக எங்கே விடலாம்?

பதில்: மரினாவை விடுங்கள், யார்டில், அதாவது படகுகளைத் தரையில் நிறுத்திப் பராமரிக்கும் இடத்தில், கரையேற்றிவிடுங்கள். அடிப்பாகத்துக்குப் பாசி தடுக்கும் பெயின்ட் அடிக்க வருடத்துக்கு ஒரு தடவை எப்படியும் படகைத் தூக்கத்தான் போகிறீர்கள், அந்த ஒரு தூக்கலிலேயே குளிர்காலத்தையும் கழித்துவிட்டால் செலவு ஒன்றாகிவிடும். தண்ணீரில் விட்டால் வாடகை போக, தெற்கிலிருந்து காற்று அடிக்கிற ஒவ்வொரு ராத்திரியும் கயிறு தேய்ந்து அறாமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆளுக்கும் கூலி கொடுக்க வேண்டும்.

அயோனியன் பக்கம் நான் முதலில் விசாரிக்கச் சொல்வது பிரெவேசா ஊருக்கு எதிர்க்கரையில் இருக்கும் அக்தியோ. அங்கே கிளியோபாட்ரா மரினாவும் வேறு சில யார்டுகளும் அடுத்தடுத்து இருக்கின்றன, அதனால் ஒருவர் சொன்ன விலையைப் பக்கத்து ஆளிடம் காட்டிப் பேச முடியும். (ஆண்டனியும் கிளியோபாட்ராவும் கி.மு. 31-இல் கடற்போரில் தோற்றது இந்த முனைக்கு வெளியேதான். பெயர் வைத்தவருக்கு அது உறுத்தவில்லை போல.)

விலை கேட்கும்போதுதான் பலரும் ஏமாறுகிறார்கள். மாத வாடகையை மட்டும் ஒப்பிட்டால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதை ஆகிவிடும். தூக்குவது, அடிப்பாகத்தைப் பீய்ச்சிக் கழுவுவது, முட்டுக் கொடுப்பது, படகை நிறுத்தும் தாங்குச் சட்டத்துக்கு வாடகை, மின்சாரம், மறுபடி இறக்குவது எல்லாம் தனித்தனி வரியாக வரும், அதன் தலையில் 24 சதவீத வாட் (மதிப்புக் கூட்டு வரி) வேறு. சொன்ன விலையில் வாட் சேர்ந்திருக்கிறதா என்று வாய்விட்டுக் கேளுங்கள், அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். ‘அக்டோபரில் தூக்கி ஏப்ரலில் தண்ணீரில் விடும்வரை, வாட் உட்பட மொத்தம் எவ்வளவு?’ என்று ஒரே கேள்வியாக எழுதி நாலு யார்டுக்கு அனுப்பினால் உண்மையான மலிவு எது என்று தெரிந்துவிடும். அப்புறம் நீளம். பதிவுச் சான்றில் 11 மீட்டர் என்று இருக்கலாம், யார்டுக்காரர் முன்னால் துருத்தும் நங்கூரத்திலிருந்து பின்னால் டிங்கி என்கிற குட்டிப் படகு தொங்கும் கம்பி வரை டேப் பிடிப்பார், 12-க்குள் போய் அடுத்த கட்டணத்தில் விழுவீர்கள். டிங்கியையும் கம்பியையும் கழற்ற முடியுமானால் கழற்றிவிட்டே போங்கள்.

நீங்களே பெயின்ட் அடிக்க விடுவார்களா, வெளி மெக்கானிக்கைக் கூட்டிவந்தால் தனிக் கட்டணமா, வேலை நடக்கும்போது படகிலேயே தூங்கலாமா என்பதையும் கேளுங்கள். இறக்கும் தேதியைத் தூக்கும்போதே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். சொல்லாதவர் படகு கடைசி வரிசைக்குப் போய்விடும், ஏப்ரலில் வந்து நின்றால் முன்னால் ஆறு படகுகள் வழியை அடைத்துக்கொண்டிருக்கும்.

பயணச் செலவும் இந்தக் கணக்கில்தான் வரும். அக்தியோ விமான நிலையம் யார்டுகளுக்குப் பக்கத்திலேயே இருந்தாலும் அது கோடைச் சுற்றுலாவை நம்பி ஓடுவது, குளிர்காலத்தில் வெளிநாட்டு விமானம் அபூர்வம். ஜனவரியில் வந்து வேலை பார்ப்பதாக இருந்தால் ஏதென்ஸில் இறங்கி பஸ்ஸில் மணிக்கணக்கில் உட்கார வேண்டியிருக்கும்.

அடுத்தது இரண்டு கெடுக்கள், இரண்டும் தனித்தனி. பிரிட்டன் பாஸ்போர்ட் என்றால் உங்களுக்கு ஷெங்கன் பகுதியில் (கிரேக்கமும் சேர்ந்த, எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகள்) 180 நாளில் 90 நாள்தான், குளிர்காலத்தில் வந்து பெயின்ட் அடிக்கும் நாளும் அதில் கழியும். படகுக்கு, ஐரோப்பிய ஒன்றியத்தில் வாட் கட்டாமல் வெளியே பதிவானது, நீங்களும் ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர் என்றால், 18 மாதம். அதைத் தாண்டினால் வாட் கேட்பார்கள், அது படகின் மதிப்புக்கே கணக்கிடப்படும். கெடு நெருங்கினால் கோர்ஃபுவுக்கு எதிர்க்கரையில் அல்பேனியாவின் சராந்தாவுக்குப் போய், அங்கே போனதற்கான ரசீதோடு திரும்பி வருவது வழக்கம், கெடு புதிதாகத் தொடங்கும். துருக்கிக்கே போய்விடலாமே என்று யாராவது சொல்வார்கள். ஒரு காலத்தில் அது மலிவுதான், இப்போது அங்கே விலை எகிறிவிட்டது.

காப்பீட்டுப் பத்திரத்தைப் பணம் கட்டுவதற்கு முன்னால் படியுங்கள். வெறும் முட்டு போதுமா, இரும்புத் தாங்கு வேண்டுமா, பட்டி போட்டுத் தரையோடு கட்ட வேண்டுமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். 2020 செப்டம்பரில் இயானோஸ் புயல் இத்தாகா, கெஃபலோனியா பக்கம் படகுகளைக் கரையில் தூக்கி எறிந்தது, மூழ்கடித்தது. பாய்கள் எல்லாவற்றையும் கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள், சுருட்டிக் கட்டியிருந்தாலும் காற்று அவிழ்த்துவிடும்.

ஒரு விஷயம் பட்டுத் தெரிந்துகொண்டது. ஒரு ஏப்ரலில் கதவைத் திறந்தால் தரைப்பலகைகள் மிதந்துகொண்டிருந்தன. படகு நின்றதோ காய்ந்த மண்ணில்! சுக்கான் பிடிக்கும் இடத்தில் மழைநீர் வடியும் துளைக்குள் கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் பைத்துண்டு சிக்கி, சஹாராவிலிருந்து மழையோடு வரும் சிவப்பு மண் அதன்மேல் பிசினாகப் படிந்து, பெய்ததெல்லாம் உள்ளே இறங்கியிருந்தது. அதனால் மாதம் ஒரு தடவை அந்தத் துளையைக் குத்திவிட்டு ஒரு போட்டோ அனுப்ப யார்டில் யாரையாவது பிடித்துவையுங்கள், அந்தப் பணத்தில் மட்டும் கஞ்சம் வேண்டாம்.

டீசல் டாங்கை நிரப்பிவிட்டுப் போனால் ஈரம் கோக்காது. எஞ்சின் ஆயிலைப் போகும்போதே மாற்றுங்கள், வந்தபிறகு அல்ல. ஏப்ரலில் இறக்கும்போது கிரேன்காரர் அவசரப்படுத்துவார், அடுத்த படகு காத்திருக்கும். படகின் அடியில் நீளும் கீல் தண்ணீருக்குள் போனதும், கிரேன் தூக்கியிருக்கும் பட்டையை அவிழ்க்க விடாமல் உள்ளே இறங்கி, டார்ச் அடித்து, அடிப்பாகத்தில் வால்வு இருக்கும் ஒவ்வொரு இடத்தையும் விரலால் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் திரும்பத் தூக்கச் சொல்ல அந்தப் பத்து நிமிடம்தான் உங்களுக்கு உண்டு.