புது அபார்ட்மென்ட்ல சோலார் பத்தி எப்போ யோசிக்கணும்?

சென்னையில 5 மாடி, 20 வீடு கட்டப் போறோம், முடிச்சுட்டு மொட்டை மாடியில சோலார் போட்டா போதுமான்னு கேட்டிருக்கீங்க. போதாதுங்க, பிளான் போடும்போதே யோசிக்கணும்.

கணக்கு பாருங்க. மொட்டை மாடி 4000 சதுர அடின்னு வைங்க, தண்ணி டேங்க், லிஃப்ட் ரூம், படிக்கட்டு, அதோட நிழல் எல்லாம் போக பாதி கிடைச்சாலே பெருசு. 1 கிலோவாட்டுக்கு சுமார் 100 சதுர அடி வேணும், ஒரு நாளைக்கு சராசரியா 4 யூனிட் வரும், அப்போ 20 கிலோவாட், 80 யூனிட். ஏசி ஓடுற 20 வீடு, வீட்டுக்கு 8 யூனிட் எரிச்சாலே 160 ஆயிடுது!

அதனால முதல்ல கரண்ட் செலவைக் குறைக்கணும். மேற்கு பக்கம் பெரிய கண்ணாடி ஜன்னல் வைக்காதீங்க, சாயங்கால வெயில் நேரா பெட்ரூமுக்குள்ள வந்து ராத்திரி முழுக்க ஏசி ஓட வைக்கும், வைச்சே ஆகணும்னா நல்ல சன்ஷேட் போடுங்க. மாடிக்கு வெள்ளை கூலிங் டைல்ஸ். வீடுகளுக்கான மத்திய அரசோட மின்சார சிக்கன விதிமுறை ஈகோ நிவாஸ் சம்ஹிதா 2018ல சுவர், ஜன்னல் வழியா வர்ற வெப்பத்துக்கு சதுர மீட்டருக்கு 15 வாட்னு வரம்பு வைச்சிருக்காங்க, உங்க ஆர்க்கிடெக்ட்கிட்ட அந்த கணக்கைக் கேளுங்க.

டேங்க், லிஃப்ட் ரூம் ரெண்டையும் வடக்கு ஓரமா தள்ளுங்க, வருஷத்துல பெரும்பாலான மாசம் நிழல் பேனல் மேல விழாது. மாடியிலருந்து மீட்டர் ரூம் வரைக்கும் சோலார் வயர் போக காலி பைப் இப்பவே விட்டுடுங்க, கார் பார்க்கிங்குக்கும் சார்ஜிங் லைனுக்கு அதே மாதிரி. பொது மோட்டார், லிஃப்ட்டுக்கு அசோசியேஷன் பேர்ல போட்டா மத்திய அரசோட பிஎம் சூர்ய கர் சோலார் திட்டத்துல கிலோவாட்டுக்கு 18,000 ரூபா மானியம் இருக்கு.