ஜெபிக்க வாய் வராத நாட்களில்

கேள்வி: என் கணவர் சேலத்தில் ஒரு வெள்ளிப் பட்டறையில் கொலுசு செய்கிறார். எட்டு மாதத்துக்கு முன்பு கம்பி இழுக்கும் மெஷினில் கை மாட்டி இரண்டு விரல்கள் போய்விட்டன. அன்றிலிருந்து வருமானம் இல்லை. வட்டிக்கு வாங்கியும் வீட்டு வாடகை நான்கு மாதம் பாக்கி. நான் சபையில் பாடகர் குழுவில் இருக்கிறேன். ஆனால் வீட்டில் முழங்கால் போட்டால் ஒரு வார்த்தை வருவதில்லை, கோபம்தான் வருகிறது. ஜெபிக்க வந்த ஒரு அக்கா, “உங்க விசுவாசத்துல குறை இருக்கு, அதான் கதவு திறக்கல” என்று சொல்லிவிட்டுப் போனார். இரவில் தூக்கமே இல்லை. கர்த்தர் எங்களைப் பார்க்கிறாரா? - சேலம் வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

முதலில் அந்த அக்கா சொன்னதை இறக்கி வையுங்கள். அது வேதம் சொல்வது அல்ல. பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து தவித்த யோபுவைப் பார்க்க வந்த நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் அவரோடு தரையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் இருந்தார்கள். அதுவரை நல்ல நண்பர்கள்தான். வாயைத் திறந்து, “உன்னிடம் ஏதோ தப்பு இருக்கிறது” என்று ஆரம்பித்த பிறகுதான் எல்லாம் கெட்டது. கடைசியில் கர்த்தர் கோபித்துக்கொண்டது யார்மேல்? தேவனிடமே வழக்காடிய யோபுவின்மேல் அல்ல, அவருக்குப் பரிந்து பேசுவதாக நினைத்த அந்த நண்பர்கள்மேல்.

அதனால் உங்கள் கோபத்தைப் பாவம் என்று நினைத்து மறைக்காதீர்கள். “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்” என்று பதின்மூன்றாம் சங்கீதம் ஆரம்பிக்கிறது. எண்பத்தெட்டாம் சங்கீதமோ இருளிலேயே முடிந்துவிடுகிறது, கடைசியில் ஒரு ஸ்தோத்திரம்கூட இல்லை. அதையும் ஜெபம் என்றுதான் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். நம்பிக்கை விட்டுப்போனவர் கர்த்தரிடம் கோபித்துக்கொள்ள மாட்டார், பேச்சையே நிறுத்திவிடுவார். நீங்கள் இன்னும் முழங்கால் போடுகிறீர்கள். வார்த்தை வராவிட்டால், கோபத்தையே சொல்லுங்கள்.

நான் ஏற்காட்டில் வளர்ந்தவள். அப்பாவுக்கு மூன்று ஏக்கர் காப்பித் தோட்டம் இருந்தது. ஒரு வருஷம் தண்டு துளைப்பான் வந்துவிட்டது. நிழல் குறைந்த இடத்தில் இந்தப் பூச்சி சீக்கிரம் ஏறும். வெளியே இலை பழுக்கும்போது உள்ளே தண்டு குடைந்து போயிருக்கும். அந்தச் செடிக்கு மருந்து கிடையாது, வேரோடு பிடுங்கி எரிக்க வேண்டும். பாதித் தோட்டத்தை அப்பா தன் கையாலேயே எரித்தார். அதற்குப் பிறகு குடும்ப ஜெபத்தில் அவர் வாயே திறக்கவில்லை. அம்மா ஜெபிப்பார், அப்பா வாசற்படியில் உட்கார்ந்திருப்பார்.

அந்த நாட்களில் பக்கத்துத் தோட்டத்தில் வேலை பார்த்த ஒரு பாட்டி அடிக்கடி சாயங்காலம் வருவார். மடியில் கொஞ்சம் கேழ்வரகு மாவு இருக்கும். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போடுவார். வசனமோ புத்தியோ சொன்னதில்லை. இருட்டியதும், “வர்றேன் கண்ணு” என்று எழுந்து போய்விடுவார். ஒருநாள் அவர் போன பிறகு அப்பா உள்ளே வந்து, “ஆண்டவரே, என்னால முடியல” என்றார். அவ்வளவுதான் ஜெபம்.

புதுச் செடி வைத்தால் காய்க்க மூன்று, நான்கு வருஷமாகும். அதுவரை சில்வர் ஓக் மரங்களில் ஏற்றியிருந்த மிளகு எங்களைக் காப்பாற்றியது. ஒரு ஏக்கரை விற்றோம், அது திரும்பக் கிடைக்கவே இல்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும். விசுவாசித்தால் போனதெல்லாம் இரண்டு மடங்காக வரும் என்று உங்களுக்கு எழுத எனக்கு மனம் வரவில்லை. உங்கள் கணவரின் விரல்கள் திரும்ப வராது. ஆனால் அந்த வருஷங்களில் ஒருநாளும் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாமல் இருந்ததில்லை. “எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்” என்றுதான் இயேசு கேட்கச் சொன்னார். இந்த வருஷத்துக்கு என்று அவர் சொல்லவில்லை. நீங்களும் இன்றைக்கு உள்ளதை மட்டும் கேளுங்கள்.

அப்புறம் உங்கள் தூக்கம். “போதும் கர்த்தாவே” என்று சொல்லி எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்தபோது, தேவதூதன் அவரைக் கண்டிக்கவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டான், மறுபடியும் எழுப்பி, “நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்” என்று சொல்லிச் சாப்பிட வைத்தான். அதனால் நீங்கள் சாப்பிடுவதும் தூங்குவதும் விசுவாசத்துக்கு வெளியே இல்லை. தூக்கம் இன்னும் வராவிட்டால் டாக்டரைப் பாருங்கள். மனம் ரொம்பவும் கனத்தால் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள்.

கைக்கு இன்னும் சிகிச்சை தேவைப்பட்டால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் கொடுங்கள். பொன், வெள்ளித் தொழிலாளர்களுக்கு நல வாரியமும் உண்டு. உங்கள் கணவர் அதில் பதிந்திருக்கிறாரா, விபத்து உதவி உண்டா என்று தொழிலாளர் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். வட்டிக்காரர் அநியாய வட்டி கேட்டு மிரட்டினால் பயப்படாதீர்கள், கந்துவட்டிக்கு எதிராக 2003-லேயே சட்டம் வந்துவிட்டது, காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். இதற்கெல்லாம் அலைவதை அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். எலியாவுக்கு அப்பம் கொடுத்த சாறிபாத் ஊர் விதவையும், பானையில் இருந்த ஒரு பிடி மாவை வைத்துக்கொண்டு அடுப்பு மூட்ட விறகு பொறுக்கத்தான் போயிருந்தாள்.

இன்னொன்று. வாடகை பாக்கியைப் பற்றிச் சபையில் யாருக்காவது தெரியுமா? நீங்கள் அதைப் பற்றி எழுதவில்லை, தெரியாது என்றுதான் நினைக்கிறேன். பாடகர் குழுவில் நிற்கிறவள் இதை எப்படிச் சொல்வது என்ற கூச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் கேழ்வரகு மாவோடு வர யாரோ ஒருவர் அங்கே இருப்பார், அவருக்கு உங்கள் வாசல் தெரிய வேண்டும் இல்லையா? வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆயரம்மாவோ, நீங்கள் நம்புகிற ஒருவரோ, “எப்படிம்மா இருக்கீங்க?” என்று கேட்பார்கள். அப்போது “ஸ்தோத்திரம், நல்லா இருக்கோம்” என்று சொல்லாதீர்கள். “நாலு மாசம் வாடகை கட்டலை, ராத்திரி தூக்கம் வரல, எனக்கு ஜெபிக்க முடியல, எனக்காக நீங்க ஜெபியுங்க” என்று சொல்லுங்கள்.