பீடி, சிகரெட் தொடாத அம்மாவுக்கு நுரையீரல் புற்றுநோய்: பிள்ளைகளுக்கும் வருமா?

கேள்வி: எங்கள் வீடு திருவொற்றியூரில், எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. அம்மாவுக்கு 58 வயது. பயாப்ஸியில் அடினோகார்சினோமா என்ற வகை நுரையீரல் புற்றுநோய் என்று வந்திருக்கிறது. எங்கள் வீட்டில் யாருக்கும் புகைப்பழக்கம் கிடையாது. ரிப்போர்ட்டில் ‘இ.ஜி.எஃப்.ஆர். மரபணு மாற்றம், எக்ஸான் 19 டெலிஷன்’ என்று இருக்கிறது. தினம் ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மரபணு என்றால் எனக்கும் தங்கைக்கும் வருமா? நாங்கள் ரத்தப் பரிசோதனையோ சி.டி. ஸ்கேனோ எடுக்க வேண்டுமா? இந்த ஏரியாப் புகைதான் காரணமா, வீட்டை மாற்றிவிடலாமா?

பதில்: அம்மாவுக்கு வந்த அந்த மாற்றம் உங்களுக்கோ தங்கைக்கோ பிறவியில் வந்திருக்காது. இ.ஜி.எஃப்.ஆர். என்பது செல்லைப் பெருகச் சொல்லும் ஒரு மரபணு. ‘எக்ஸான் 19 டெலிஷன்’ என்றால் அதில் ஒரு சின்னத் துண்டு விடுபட்டிருக்கிறது என்று பொருள். ‘மரபணு’ என்று படித்ததும் பரம்பரை நோய் என்று பயப்படுவது இயல்புதான். அந்தச் சொல்லுக்குள்ளேயே ‘மரபு’ உட்கார்ந்திருக்கிறதே! ஆனால் இது அம்மா பிறக்கும்போது கொண்டுவந்தது அல்ல. வாழ்நாளில் எப்போதோ நுரையீரலின் ஒரு செல் இரண்டாகப் பிரிந்தபோது டி.என்.ஏ. நகலில் விழுந்த பிழை. அந்தச் செல்லிலும் அதன் வாரிசு செல்களிலும் மட்டுமே இருக்கும். கருமுட்டையில் இருக்காது, ஆகவே பிள்ளைகளுக்கு இறங்காது. பிறவியிலேயே இ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் உள்ள குடும்பங்கள் உலகில் உண்டு. மிக அரிது, அதோடு அவர்களிடம் காணப்படுவது பெரும்பாலும் வேறு வகை மாற்றம். எனவே இதற்காக நீங்கள் ரத்தத்தில் மரபணுப் பரிசோதனை செய்ய வேண்டியதில்லை. அந்தப் பணம் அம்மாவின் சிகிச்சைக்கு உதவட்டும்.

வடசென்னையில் பல வருடங்களாக பயாப்ஸி ஸ்லைடு பார்ப்பவன் நான். ரிப்போர்ட்டின் கடைசியில் ஒரு கையெழுத்து இருக்குமே, அந்த ஆள். நோயாளி முகத்தை நாங்கள் பார்ப்பது அபூர்வம். ஆனால் அவர் எந்தக் காற்றைச் சுவாசித்தார் என்பது ஓரளவு தெரிந்துவிடும். நுரையீரல் திசுவை மைக்ராஸ்கோப்பில் வைத்தால், கரித்தூளை விழுங்கிக் கறுத்துப்போன செல்கள் கும்பலாக நிற்கும். மேக்ரோஃபேஜ் என்று பெயர். தூசியையும் கிருமியையும் விழுங்கி நுரையீரலைச் சுத்தமாக வைத்திருப்பது இவற்றின் வேலை. ஒரு முறைகூட புகைக்காதவர்களிடமும் இந்தக் கறுப்பைப் பார்த்திருக்கிறேன். அது வெறும் அழுக்கு, வேறொன்றுமில்லை என்றுதான் நாங்கள் படித்தோம். அந்த எண்ணத்தை ஓர் ஆய்வு மாற்றியது.

லண்டனில் உள்ள ஃபிரான்சிஸ் கிரிக் ஆய்வு நிறுவனத்தில் சார்லஸ் ஸ்வான்டன் தலைமையிலான குழு 2023-ல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு அது. 295 நுரையீரல் மாதிரிகளில், புற்றுநோய் இல்லாத திசுவைத் துருவிப் பார்த்தார்கள். 18 சதவீத மாதிரிகளில் இ.ஜி.எஃப்.ஆர். மாற்றமும், 53 சதவீதத்தில் கே-ராஸ் என்ற இன்னொரு மரபணுவின் மாற்றமும் இருந்தன. நோயே இல்லாத திசுவில்! அதாவது வயது ஏற ஏற இப்படிப்பட்ட செல்கள் நம்மில் பலரிடம் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சேர்கின்றன. சுமார் 6 லட்சம் செல்லுக்கு ஒன்று என்பது அவர்கள் கணக்கு. பெரும்பாலானவை சும்மா கிடந்து, நம்மோடேயே முடிந்துவிடும். மாற்றம் இருப்பதாலேயே புற்றுநோய் வந்துவிடுவதில்லை. அது நீறு பூத்த நெருப்பு.

அதை ஊதும் துருத்தி எது? பி.எம். 2.5 என்ற நுண்தூசி. விட்டம் 2.5 மைக்ரானுக்குள். நம் தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இருக்காது. மூக்கு, தொண்டை எதிலும் சிக்காமல் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்விடும். அங்கே மேக்ரோஃபேஜ் அதை விழுங்கும், ஆனால் கரியைச் செரிக்க அதனால் முடியாது. எரிச்சலில் இன்டர்லூகின்-1 பீட்டா என்ற ரசாயனத்தைக் கசியவிடும். ‘இங்கே காயம், பழுதுபார்க்க வாருங்கள்’ என்று அக்கம்பக்கத்துச் செல்களுக்குச் செய்தி சொல்லும் ஆள்தான் அந்த ரசாயனம். அதைக் கேட்டு, காற்றறைச் சுவரில் உள்ள சில செல்கள் தங்கள் வழக்கமான வேலையை விட்டுவிட்டு, பெருகக்கூடிய இளம் செல் மாதிரி நடந்துகொள்ளும். நல்ல செல் பெருகினால் காயம் ஆறும். பழைய பிழையோடு கிடந்த செல் பெருகினால் கட்டி.

இ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் பொருத்தப்பட்ட எலிகளை நுண்தூசி சுவாசிக்க வைத்தபோது கட்டிகள் கூடின. இன்டர்லூகினைத் தடுக்கும் மருந்தைக் கூடவே கொடுத்தபோது குறைந்தன. அதாவது, தூசி புதிதாக டி.என்.ஏ.வைக் கெடுத்துத்தான் நோய் வரவேண்டும் என்பதில்லை. இருக்கிற பிழையை எழுப்பிவிட்டாலே போதும். இந்த எண்ணம் முழுக்கப் புதிதும் அல்ல. 1940-களிலேயே ஐசக் பெரன்பிளம் என்பவர் எலியின் தோலில் சோதனை செய்து, புற்றுநோய்க்குத் தொடக்கம் வேறு, தூண்டல் வேறு என்று சொல்லியிருந்தார்.

சரி, அம்மாவுக்கு எண்ணூர்ப் புகைதான் காரணமா? ஸ்லைடைப் பார்த்து அப்படிச் சொல்ல முடியாது. யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஆய்வு என்பது மொத்த மக்கள் கூட்டத்தைப் பற்றிச் சொல்லும், தனி ஆளைப் பற்றிச் சொல்லாது. வெளிக்காற்று மாசு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2013-லேயே வகைப்படுத்திவிட்டது. கண்டெய்னர் லாரி வரிசை, நிலக்கரி, சாம்பல், மணலி ஆலைகள், அப்புறம் போகிக்கு எரிக்கும் டயர் என்று நம் பக்கத்துக் காற்றில் சந்தேகப்பட நிறைய இருக்கிறது. அது இந்தப் பகுதிக்காரனாக என் ஆதங்கமும்கூட.

வீடு மாறுவதைப் பொறுத்தவரை, அவசரப்படாதீர்கள். நுண்தூசிக்கு ஆண்டுச் சராசரியாக ஒரு கனமீட்டரில் 5 மைக்ரோகிராம் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்திய வரம்பு 40. அடையாறுக்கே போனாலும் அந்த 5 கிடைக்காது. சிகிச்சை நடக்கும் நேரத்தில் மருத்துவமனைக்குப் பக்கமாக இருப்பதும், உதவிக்கு ஓடிவரும் அக்கம்பக்கமும் பெரிய விஷயம். கொசுவர்த்திச் சுருளை நிறுத்துங்கள். சமையலறையில் புகைபோக்கியோ எக்ஸாஸ்ட் ஃபேனோ ஓடட்டும். லாரி நெருக்கும் நேரத்தில் ரோட்டுப்பக்க ஜன்னலை மூடுங்கள். பைக்கில் போகும்போது கர்ச்சீஃப் உதவாது, முகத்தில் சரியாகப் பொருந்தும் என்95 மாஸ்க் வேண்டும்.

உங்கள் இருவருக்கும் சி.டி. ஸ்கேன்? தொந்தரவு எதுவும் இல்லையென்றால் இப்போது வேண்டாம் என்பதே என் கருத்து. குறைந்த கதிர்வீச்சு சி.டி.யின் பலன் நன்றாக நிரூபிக்கப்பட்டிருப்பது நீண்ட காலம் அதிகம் புகைத்தவர்களிடம்தான். தைவானில் குடும்பத்தில் நோய் உள்ளவர்களுக்கும் எடுக்கிறார்கள், அதுவும் நடுவயதுக்கு மேல். நம் ஊரில் இன்னொரு சிக்கல், பழைய டி.பி.யின் தழும்பு. ஸ்கேனில் அதுவும் சின்னப் புள்ளியாகத் தெரியும். பிறகு அது என்ன என்று பார்க்க ஊசி, பயாப்ஸி, மாதக்கணக்கில் பயம்.

அதைவிட முக்கியமானது ஒன்று. மூன்று வாரத்துக்கு மேல் இருமல், சளியில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைதல் இவற்றில் எது வந்தாலும் நெஞ்சக மருத்துவரைப் பாருங்கள். முதலில் டி.பி. பரிசோதனை செய்வார்கள், அது சரிதான். ஆனால் சளியில் கிருமி கிடைக்காமலே டி.பி. மாத்திரை தொடங்கி, சில வாரத்தில் குறையவில்லை என்றால் அடுத்தது என்ன என்று கேளுங்கள். ஆறு மாதம் டி.பி. மருந்து சாப்பிட்டுவிட்டு, கடைசியில் என் மேஜைக்கு வந்த பயாப்ஸிகள் கொஞ்சமல்ல.

சிலர் வாட்ஸ்அப்பில் வந்த செய்தியைக் காட்டி, அந்த இன்டர்லூகின் தடுப்பு ஊசியைப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்கிறார்கள். மாரடைப்பு வந்தவர்களுக்கு கனாகினுமாப் என்ற ஊசியைக் கொடுத்த பெரிய சோதனையில் நுரையீரல் புற்றுநோய் குறைந்தது 2017-ல் தெரியவந்தது உண்மை. ஆனால் உயிரைப் பறிக்கும் தொற்றுகள் சற்றுக் கூடின. புற்றுநோய் வந்தபிறகு கொடுத்துப் பார்த்த சோதனைகளில் எதிர்பார்த்த பலனும் கிடைக்கவில்லை. கடையில் வாங்கிப் போடும் ஊசி அல்ல அது.

அம்மாவின் மாத்திரை, பழுதான அந்த இ.ஜி.எஃப்.ஆர். புரதத்தின் சுவிட்சை அணைத்து வைப்பது. எக்ஸான் 19 டெலிஷன் அதற்கு நன்றாகவே கட்டுப்படும் வகை. ஆனால் நாளடைவில் கட்டி வேறொரு மாற்றத்தைச் சேர்த்துக்கொண்டு தப்பிக்கப் பார்க்கும். அப்போது மறுபடி பயாப்ஸியோ, ரத்தத்தில் கட்டியின் டி.என்.ஏ.வைத் தேடும் பரிசோதனையோ கேட்பார்கள். ‘போன தடவைதான் எடுத்தோமே’ என்று மறுக்காதீர்கள். முகத்தில் பரு, வயிற்றுப்போக்கு, நக ஓரத்தில் புண் வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று மூச்சுத்திணறல் வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அசிடிட்டி மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அதையும் சொல்லிவையுங்கள், இந்த வகை மாத்திரைகளில் சில அதனால் உடம்பில் சேராமல் போகும். எப்போதாவது டி.பி. மருந்து தொடங்கச் சொன்னால், அதிலுள்ள ரிஃபாம்பிசின் அம்மாவின் மாத்திரையின் அளவை ரத்தத்தில் வெகுவாகக் குறைத்துவிடும். டி.பி. மருத்துவரும் புற்றுநோய் மருத்துவரும் பேசி முடிவெடுக்கும் வரை அதைத் தொடங்க விடாதீர்கள்.